முழங்கால் பிளக்கும் தோள் பிளக்கும்

எங்கள் வீடு கரையான்சாவடியில், ஆவடி சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருவொன்றில் இருக்கிறது. கீழ்த்தளம் அப்பா 1980-களில் கட்டியது. மாடி 2009-இல் எடுத்தது. மனை ஒன்று, அஸ்திவாரம் ஒன்று, தெருக் கம்பத்திலிருந்து வரும் மின்சாரமும் ஒன்று. போனுக்குச் சார்ஜ் போடுவது மட்டும் இரண்டு தளத்திலும் இரண்டு விதம். கீழே நின்றபடி கையை நீட்டிப் போட வேண்டும். மாடியில் குந்தி உட்கார்ந்து, சோபாவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிப் போட வேண்டும். கீழே பிளக் பாயிண்ட் தரையிலிருந்து நாலரை அடியில், என் தோள் மட்டத்தில் இருக்கிறது. மாடியில் ஒரு அடிக்கும் குறைவு. முழங்காலுக்குக் கீழே, ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்குச் சற்று மேலே.

இத்தனை வருடமாக இதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து, கட்டிலருகே நெபுலைசர் வைக்க நேர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. அம்மாவின் அறையில் இருந்த ஒரே பிளக் கதவோரத்துச் சுவிட்ச் போர்டில். கட்டில் எதிர்ச் சுவரோரம். நடுவே எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடந்தது, இரவில் அம்மா எழுந்து போகும் வழியிலேயே. "புது பாயிண்ட் ஒண்ணு போட்டுடலாம் தம்பி" என்ற எலக்ட்ரீஷியன் அண்ணன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்: "மேலயா, கீழயா?"

பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, இரண்டு உயரத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

தோள் பிளக் ஏன் தோளுக்கு வந்தது என்று தெரிய வேண்டுமானால் கூரையைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் ஒயர் சுவருக்கு வெளியே ஓடியது. கூரைக்கு ஒரு சாண் கீழே தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் தகரக் கிளிப் வைத்து, ஒயரை வரிசையாகக் கிடத்தி மடக்கிவிடுவார்கள். போர்டு வேண்டிய இடத்தில் ரீப்பர் நேராகக் கீழே இறங்கும். கை எட்டும் உயரம் வந்ததும் நின்றுவிடும். அங்கே ஒரு மரப்பெட்டி. அதன் முகத்தில் இரண்டு விளக்கு சுவிட்ச், ஒரு ஃபேன் சுவிட்ச், ரெகுலேட்டர், மூலையில் ஒரு 5 ஆம்ப் பிளக். பிளக்குக்கென்று யாரும் தனியாக இடம் பார்க்கவில்லை. சுவிட்ச் நின்ற இடத்தில் அதுவும் ஒண்டிக்கொண்டது. இன்னும் மூன்றடி இறக்க வேண்டுமென்றால் மூன்றடி ரீப்பர், கிளிப், ஆணி, ஒயர், அதற்குக் கூலி. அப்படி இறக்கி எதைச் செருகுவது? அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவை ஒரு ரேடியோ, ஒரு அயர்ன் பாக்ஸ், கோடைக்கு ஒரு டேபிள் ஃபேன். ரேடியோவும் அலமாரித் தட்டில், தோள் உயரத்தில்தான் இருந்தது.

ஊர்ப் பெயரை வைத்து வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டு ரீப்பரை நிஜமாகவே கரையான்தான் தின்று தீர்த்தது. அதைப் பிடுங்கிவிட்டு வெள்ளை பி.வி.சி. கேசிங் போட்டபோதும் போர்டு பழைய உயரத்திலேயே இருந்துவிட்டது. அதை நகர்த்தலாம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிளக்கின் உருவமும் பழைய சரக்கு. உருண்டை முள் மூன்று கொண்ட பிளக்கை பிரிட்டன் 1934-இல் பி.எஸ். 546 என்று தரப்படுத்தியது. 1947-இல் பி.எஸ். 1363 என்ற தட்டை முள் பிளக்கைக் கொண்டுவந்து அவர்கள் மெல்ல மாறிவிட்டார்கள். நாம் உருண்டை முள்ளிலேயே தங்கி, ஐ.எஸ். 1293 என்று நமக்கொரு தரம் வகுத்துக்கொண்டோம். 5 ஆம்ப் இப்போது 6 ஆம்ப். 15 ஆம்ப் இப்போது 16. ஆனாலும் கடையில் "பதினைஞ்சு ஆம்ஸ்" என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருகிறார்கள்.

முழங்கால் பிளக், ஒயர் சுவருக்குள் புகுந்த பிறகு எங்கள் பக்கம் பரவியது. கான்கிரீட் போடும்போதே தளத்துக்குள் பைப், செங்கல் சுவரில் காடி வெட்டி இன்னொரு பைப், மேலே பூச்சு. ஒயர் கண்ணில் படாது என்று ஆனபின், பிளக்கும் கண்ணில் படக் கூடாது என்ற ஆசை வந்தது. டி.வி.யும் டி.வி.டி. பிளேயரும் ஸ்பீக்கர்களும் தரையோரம் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்த காலம் அது. எங்கள் மாடிக்கு வரைபடம் போட்டவர் ஒவ்வொரு சுவரிலும் தரையோரம் ஒரு சின்னக் கட்டத்தைப் போட்டுக்கொண்டே போனார். ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டதற்கு, "ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான் சார்" என்றார்.

பாதி உண்மை. பிரிட்டனின் பழைய வீடுகளில் பிளக் ஸ்கர்ட்டிங் பலகையிலேயே இருப்பதுண்டு. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் கட்டட விதிகளின் 'எம்' பகுதி 1999-லிருந்து புது வீடுகளுக்கு வேறு அளவைச் சொல்கிறது. சுவிட்சும் பிளக்கும் தரையிலிருந்து 450 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது; 1,200 மில்லிமீட்டருக்கு மேலேயும் போகக் கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் குனிய முடியாதவருக்கும் கை எட்ட வேண்டும் என்பது காரணம். நம் கணக்கில் ஒன்றரை அடிக்கும் நாலடிக்கும் நடுவே. அந்த அளவுகோலைக் கரையான்சாவடிக்குக் கொண்டுவந்து வைத்தால் எங்கள் கீழ்த்தளத்தின் நாலரை அடியும் தேறாது, மாடியின் ஒரு அடியும் தேறாது. ஏற்கெனவே நிற்கும் வீட்டை அந்த விதி தொடுவதில்லை என்பது வேறு. ஆனால் அதன் காரணம் எங்கள் அம்மாவையும் தொடுகிறது.

இரண்டு உயரத்தையும் முதலில் தண்ணீரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்து டீக்கடையில் முதல் பேச்சு செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு உயரம் 24 அடி என்பதும், இன்று காலை எத்தனை அடி நிற்கிறது என்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதையும், அடையாறு கரை புரண்டதையும் சென்னை மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் என்ன செய்தது என்பதையும் மறக்காது. அடையாறு எங்கள் தெருவுக்கு வருவதில்லை; வடிய வழியில்லாத மழைத்தண்ணீர் வரும். ஒரு பெருமழையில் அது வாசற்படி ஏறி ஹாலுக்குள் வந்து ஒன்றரை நாள் நின்றது.

வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மீட்டரில் சொல்வதில்லை. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு என்றுதான் சொல்கிறோம். பிளக்கின் உயரத்தையும் அதே உடம்பால் அளந்து பார்த்தால் எங்கள் வீட்டின் விசித்திரம் புரியும். தண்ணீர் வரக்கூடிய தளத்தில் பிளக் தோள் உயரத்தில். வரவே வராத மாடியில் முழங்காலுக்குக் கீழே. யாரும் யோசித்துச் செய்ததில்லை. ரீப்பருக்குக் காசு மிச்சம் பிடித்ததில் அப்பா எங்களைக் காப்பாற்றிவிட்டார்.

எதிர் வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது புது வீடு. கீழ்த்தளத்திலேயே தரையோரம் வரிசையாகப் பிளக். தண்ணீர் பெட்டிகளுக்குள் புகுந்ததும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகி வீடே இருண்டது. அது நல்லதுதான், அதன் வேலையே 30 மில்லி ஆம்ப் கசிந்தால் வெட்டிவிடுவது. சிக்கல் தண்ணீர் வடிந்த பிறகு ஆரம்பித்தது. தரையே காய்ந்துவிட்டது, ஆர்.சி.சி.பி. மட்டும் தூக்கினால் நிற்கவில்லை. பைப் சில இடங்களில் தரைக்கு அடியில் போயிருந்தது. வளைவுகளில் தேங்கிய தண்ணீர் போக வழியின்றி வாரக்கணக்கில் உள்ளேயே இருந்தது. பிளக்குகளின் பித்தளை முனைகளில் பச்சை பூத்துவிட்டது. சேற்றுத் தண்ணீர் புகுந்த பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அந்த வீட்டில் பதினாலு மாற்றினார்கள். மாற்றியதும் அதே உயரத்தில்தான், பெட்டி அங்கேதானே புதைந்திருக்கிறது என்று.

வெள்ளம் என்றோ வருவது. வீடு கழுவுவது அடிக்கடி வருவது. மாப் போட்டுத் துடைப்பது போதாதென்று மாதம் ஒருமுறை பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. துடைப்பம் சுவரோரம் அடித்தால் தண்ணீர் ஒரு அடி தெறிக்கும். மாடியில் வீடு கழுவும் நாளில் அந்தப் பக்கத்து எம்.சி.பி.யை அணைத்துவிட்டுத்தான் பக்கெட்டைத் தொடுகிறோம். கீழே அந்த யோசனையே தேவைப்பட்டதில்லை. எறும்பையும் சொல்ல வேண்டும். தரையோரப் பிளக்கின் துளைக்குள் சிற்றெறும்பு குடியேறி மண் கொண்டுவந்து கொட்டியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இதுவரை படித்தவர் தோள் பிளக்குக்கே வெற்றி என்று நினைக்கக்கூடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒயர் தொங்குவதைக் கவனிக்கும் வரை. போன் சார்ஜர் ஒயர் பொதுவாக ஒரு மீட்டர். நாலரை அடியிலிருந்து அதைத் தொங்கவிட்டால் தரைக்கு ஓரடிக்கு மேல் அந்தரத்தில் முடிகிறது. அங்கே போனை வைக்க ஒன்றுமில்லை. ஷாம்பு பாட்டிலை வெட்டிப் பையாக்கி, கழுத்தைப் பிளக்கில் மாட்டி, அதில் போனைச் செருகிவைக்கும் வித்தை தமிழ்நாடு முழுக்கப் பரவியதற்குத் தோள் பிளக்கே காரணம் என்பேன். கனமான அடாப்டரும் அப்படியே: கீழே தொங்கும் ஒயரின் எடை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். முள் கொஞ்சம் நழுவும், பொறி தட்டும், துளையைச் சுற்றிக் கருப்படிக்கும். எங்கள் ஹால் போர்டில் அந்தக் கருப்பு இருக்கிறது.

குழந்தை விஷயத்தில் எல்லோரும் சொல்வது, கீழே இருந்தால் விரலை விட்டுவிடும் என்று. அதற்கு மருந்து உண்டு. குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பிளக்கில், முள்ளை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் இருக்க வேண்டும் என்று நம் ஒயரிங் விதிகளே சொல்கின்றன. கடையில் கேட்டு வாங்கினால் போதும். தோள் பிளக்கின் ஆபத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மேலேயிருந்து தொங்கும் ஒயரைத் தவழும் குழந்தை பிடித்து இழுத்தால் மறுமுனையில் இருப்பது விழும். அது அயர்ன் பாக்ஸாக இருக்கலாம், கொதிக்கும் கெட்டிலாக இருக்கலாம்.

குனிவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ள யாரையும் மாடிக்கு அழைத்துப்போய் ஒரு பிளக்கைப் போட்டு எடுக்கச் சொன்னால் போதும். கட்டில், பீரோ, சோபா எல்லாம் சுவரை ஒட்டி நிற்பவை. தரையோரப் பிளக் பாதி அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்கிறது. மாடியில் மொத்தம் ஒன்பது முழங்கால் பிளக். இன்று கைக்கு எட்டுபவை நாலு.

மின்வெட்டும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. அப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. விளக்கு, ஃபேன் லைனில் மட்டும்தான் இன்வெர்ட்டரைக் கோப்பார்கள். தோள் போர்டில் இருக்கும் 6 ஆம்ப் பிளக் அந்த லைனிலேயே இருப்பதால் அதற்கும் உயிர் இருக்கும். மாடியின் முழங்கால் பிளக்குகள் தனி லைனில் இருந்தன; கரண்ட் போனால் ஒன்பதும் செத்துவிடும். நெபுலைசர் வைக்கப்போகும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதே ஒட்டுறவு தோள் பிளக்கின் பலவீனமும் ஆகிறது. விளக்கு லைனுக்கு விதிப்படி பத்து பாயிண்ட் அல்லது 800 வாட்ஸ் வரைதான். 6 ஆம்ப் பிளக் தன்னளவில் 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட்ஸ் தாங்கும் என்றாலும், அதற்குப் பின்னால் வரும் ஒயர் விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்தது. அதில் 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பை கன்வெர்ட்டர் பிளக் போட்டுச் சொருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் மோசமானது, "பழைய போர்டிலிருந்து லூப் எடுத்துக் கீழே ஒரு பதினைஞ்சு ஆம்ஸ் போட்டுத் தரேன்" என்ற பேச்சு. பிளக் பெரிதானால் ஒயர் பருத்துவிடாது. 16 ஆம்ப் பிளக் வேண்டுமானால் மெயின் பெட்டியிலிருந்து தனி எம்.சி.பி., தனி ஒயர். அரசுக் கட்டடங்களில் இதற்கு 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் போடுகிறார்கள். ஒரு பவர் லைனில் இரண்டு பிளக்குக்கு மேல் கூடாது. பழைய வீடென்றால் மூன்றாவது துளையையும் சோதித்துவிட வேண்டும். எங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு போர்டுகளில் எர்த் துளை வெறும் துளையாகவே இருந்தது, பின்னால் ஒயரே இல்லை.

இப்படி ஒரு பக்கம் ஏறுவதும் மறு பக்கம் இறங்குவதுமாகத் தராசு ஆடிக்கொண்டிருந்தபோது, காப்பி போட சமையலறைக்குப் போனேன். அங்கே இரண்டு தளத்திலும் பிளக் ஒரே உயரத்தில் இருந்தது! மேடை இரண்டே முக்கால் அடி. அதற்கு மேல் ஒரு அடி தள்ளிப் பிளக். மிக்ஸியின் குட்டை ஒயர் மேடையிலேயே மடிந்து கிடக்கிறது, தொங்கவில்லை. குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். எந்த வெள்ளமும் இதுவரை அங்கே எட்டியதில்லை. 1980-களின் கொத்தனாரும் 2009-இன் வரைபடக்காரரும் சொல்லிவைத்தது போல ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள், ஏனென்றால் சமையலறையில் மட்டும் அவர்கள் தரையிலிருந்து அளக்கவில்லை. பொருள் எந்தப் பலகைமேல் உட்காருகிறதோ அங்கிருந்து அளந்தார்கள். மற்ற அறைகளில் ஒருவர் கூரையிலிருந்து இறங்கி வந்து நின்றார், மற்றவர் தரையிலிருந்து ஏறி வந்து நின்றார். நெபுலைசர் எங்கே உட்காரும் என்று இருவரும் கேட்கவில்லை.

அது உட்காருவது கட்டிலை ஒட்டிய சின்ன மேசையில், தரையிலிருந்து இரண்டடியில். ஆகவே பிளக் இரண்டரை அடியில். இடுப்புக்குச் சற்றுக் கீழே. கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் எட்டும். எங்கள் ஹாலில் இதுவரை நின்ற தண்ணீரைவிட ஒரு அடிக்கு மேல் உயரம். ஒயர் மேசையிலேயே ஓய்வெடுக்கும். இங்கிலாந்துக்காரரின் 450-க்கும் 1,200-க்கும் நட்டநடுவில்.

உயரம் முடிவானது. கட்டி முடித்த வீட்டில் அது பாதி வேலைதான். ஒயர் அங்கே போய்ச் சேர வேண்டுமே. இருக்கிற போர்டு எதிர்ச் சுவரில். "கட்டிலைத் திருப்பி இந்தப் பக்கம் போட்டுட்டா வெட்டவே வேணாமே தம்பி" என்றார் அண்ணன். நியாயமான யோசனை. ஆனால் திருப்பினால் அம்மாவுக்குத் தலை வடக்கே வரும். "இத்தனை வயசுக்கு மேல வடக்க தலை வெச்சுப் படுக்கச் சொல்றியா?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுவரில் குறுக்கே காடி வெட்டிக்கொண்டு வரலாம் என்றேன். அண்ணன் மறுத்தார். அவர் கைப்பழக்கத்தால் சொன்னதை நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டி ஒன்றின்படி, செங்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. குறுக்குக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நாலரை அங்குலச் சுவர் சுமார் 115 மி.மீ. என்று வைத்தால் செங்குத்தாக 38 மி.மீ. வரை வெட்டலாம், குறுக்கே 19 மி.மீ.தான். 20 மி.மீ. பைப்பும் அதன்மேல் 10 மி.மீ. பூச்சும் சேர்ந்தால் 30. செங்குத்தில் அடங்கிவிடும், குறுக்கில் அடங்காது. அறைகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய சுவரை நீளவாட்டில் அறுப்பது அதன் இடுப்பை அறுப்பதற்குச் சமம். ஒன்பது அங்குல வெளிச்சுவர் என்றால் தாங்கும். ஆனால் மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும் சுவரில் பெட்டி புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

குறுக்கே போக வேண்டுமானால் கூரையோரம் கேசிங் போட்டு வருவதே ஒழுங்கான வழி. கேசிங் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, வாடகை வீடு மாதிரி இருக்கும் என்று. எனக்கு அந்தக் குறை இல்லை. மூடியைக் கழற்றினால் ஒயர் தெரியும், தூசியில்லை, கொத்தனார் இல்லை, நாளைக்கு மாற்ற வேண்டுமென்றால் அரை நாள் வேலை. மாடியின் புதைத்த ஒயரால் நாங்கள் பட்டது போதும். ஒரு படம் மாட்ட டிரில்லிங் மெஷினை வைத்ததும் பட்டென்று ஒரு சத்தம், ஒரு பொறி, பாதி வீடு இருட்டு. போர்டிலிருந்து முழங்கால் பிளக்குக்கு ஒயர் நேராக இறங்கியிருக்கும் என்று நினைத்தோம். பைப் மிச்சம் பிடிக்கப் போட்டவர் மூலைக்கு மூலை சாய்வாக இழுத்திருக்கிறார். இங்கிலாந்தில் சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ. ஆழத்துக்குள் ஒயர் போனால், கண்ணுக்குத் தெரியும் சுவிட்ச் அல்லது பிளக்கிலிருந்து நேர் மேலேயோ, நேர் கீழேயோ, நேர் பக்கவாட்டிலோதான் போக வேண்டும். இல்லையென்றால் கூரையிலிருந்தோ மூலையிலிருந்தோ 150 மி.மீ.க்குள். அப்படி விதி இருந்தால் ஆணி அடிப்பவர் பிளக்கைப் பார்த்தே ஒயரைக் கண்டுகொள்வார். நம் பக்கத்து வீடுகளில் ஆணி அடிப்பது ஆண்டவன் விட்ட வழி.

கடைசியில் கேசிங்கும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தார். வெளியே போய் ஹாலைப் பார்த்தார். திரும்பி வந்து சிரித்தார். ஹாலின் சுவிட்ச் போர்டு அதே சுவரின் மறுபக்கம், அம்மாவின் மேசை வைக்கும் இடத்துக்கு நேர் முதுகில். எர்த் உயிரோடு இருக்கும் போர்டு. இன்வெர்ட்டர் லைனும் அதில்தான். சுவரைக் குத்தி ஒரு துளை. இந்தப் பக்கம் நாலரை அடியிலிருந்து இரண்டரை அடிக்கு நேர் கீழே இரண்டடிக் காடி. நெபுலைசர் சின்னச் சுமை என்பதால் 6 ஆம்ப் பிளக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரும் போதும், ஷட்டர் வைத்த பிளக்காக வாங்கினோம். காலையில் தொடங்கிய வேலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அறையின் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது ஒரு வாரமாகத் தோன்றவேயில்லை.

ஆக, என் தீர்ப்பு. கீழ்த்தளத்தில் தரையோரம் பிளக் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது தவறே. ஏற்கெனவே இருந்தால் குறைந்தபட்சம் அவற்றைத் தனி எம்.சி.பி.யில் பிரித்துவிட வேண்டும், தண்ணீர் வாசலைத் தொடும்போது அணைப்பதற்கு. தோள் பிளக்கை இடிக்க வேண்டாம். அதை ஒயர் வந்து சேரும் நிலையமாக வைத்துக்கொண்டு, அதற்கு நேர் கீழே இடுப்பளவில் இன்னொன்றை இறக்கலாம். மாடியில் முழங்கால் பிளக் டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் இருந்துவிட்டுப் போகட்டும், ஒருமுறை செருகினால் வருடக்கணக்கில் எடுக்காத பொருள்கள் அவை. தினமும் செருகி எடுப்பது எதற்கும் அது லாயக்கில்லை.

அம்மாவின் அறைக் காடியைப் பூசுவதற்கு முன்னால் சுவரில் அளவு டேப்பைப் பிடித்து நாலு படம் எடுத்தேன். தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை, பைப் எந்தக் கோட்டில் என்று எல்லாம் தெரிகிறது. அச்செடுத்து மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் சுவரை வெட்டினால் நீங்களும் எடுத்துவிடுங்கள். கலவையைக் குழைத்துவிட்டால் கொத்தனார் காத்திருக்க மாட்டார்.